ஸ்பீக்கரை மட்டும்

லாயிட் பென்ஹாலின் யூட்டில், பின்பக்கம் சாமான் ஏற்றுகிற அந்தச் சின்ன வண்டியில், பாட்டு கொஞ்ச காலமாகவே கம்பளிக்குள் சுருட்டி வைத்ததுபோலக் கேட்டது. பாடுகிறவன் வாயைத் திறக்காமலே பாடுவதுபோல இருக்கும். செய்தி வாசிக்கிற பெண்ணோ என்னத்தையோ முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கிற போர்ட் லிங்கனில் இறால் படகுகளின் இன்ஜின் அறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவன் அவன். மனைவி பிரிந்துபோய் நெடுங்காலம் ஆகிவிட்டது. பெர்த்தில் இருக்கிற மகள் முன்பெல்லாம் போனில் கூப்பிடுவாள். இப்போது மெசேஜோடு சரி. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு கடலோரமாகப் பாட்டுக் கேட்டபடி போய்வருவது ஒன்றுதான் அவனுக்கு ஆள் துணை மாதிரி. அதுவும் கெட்டுப்போனால் எப்படி?

புது ஸ்பீக்கர் வாங்கப் போனபோது உதிரிபாகக் கடைக்காரன் ஸ்டீரியோவையும் சேர்த்தே மாற்றிவிடச் சொன்னான்.

"அதைத் தொட முடியாதுப்பா. ஏசி பொத்தானெல்லாம் அதே பலகையிலதான் இருக்கு. அதைப் பேர்த்தா முன்பக்கமே பொக்கைவாய் ஆயிடும்," என்றான் லாயிட். "ஸ்டீரியோ நல்லாத்தான் இருக்கு. ஸ்பீக்கரை மட்டும் குடு."

சனிக்கிழமை காலையில் வாசலிலேயே வேலையை ஆரம்பித்தான். கதவின் உள்பலகையைக் கழற்றிப் பார்த்தால், பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரமெல்லாம் கிழிந்து தொங்கியது. 'நான் சொல்லலே?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டு கதவிலும் புதியதைப் பொருத்தி, கம்பியை இணைத்து, பாட்டைப் போட்டான்.

அதே கம்பளி. சத்தம் கூடியிருந்தது, தெளிவு வரவில்லை. ஸ்டீரியோவில் கீச்சொலியைக் கூட்டுகிற ட்ரெபிளைக் கடைசிவரைக்கும் ஏற்றிப் பார்த்தான். ஊஹூம்.

ஒரு கதவில் கம்பி தலைமாறிப் போயிருக்கும் என்று பட்டது. அப்படி மாறினால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். ஒன்றை ஒன்று தின்றுவிடும். பார்த்துவிடலாம். ஆனால் அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். இவன் கதவருகே நின்று கம்பியை மாற்ற மாற்ற, உள்ளே உட்கார்ந்து யாராவது கேட்டுச் சொல்ல வேண்டும்.

கையில் கம்பியோடு நின்றான். யாரைக் கூப்பிடுவது? போன் செய்து வரச் சொல்ல ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மாரிட்சா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குரோஷியாக்காரி, புருஷனை இழந்தவள். ஒரு காலத்தில் பலகாரம் சுட்டால் தட்டோடு வேலியருகே வந்து நிற்பாள். பிறகு ஏனோ பேச்சை நிறுத்திவிட்டாள். எப்போதாவது வந்தாலும் எதையோ முணுமுணுத்துவிட்டுப் போவாள். இவனும் விட்டுவிட்டான்.

"மாரிட்சா! கொஞ்சம் வர முடியுமா?"

அவள் திரும்பிப் பார்த்து, கையிலிருந்த சட்டையைக் கூடையில் போட்டாள். "என்னையா கூப்பிட்டே?"

விஷயத்தைச் சொல்லி அவளை உள்ளே உட்கார வைத்தான். பாட்டைப் போட்டதும் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, குறைச்சுத் தொலை! காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு!"

"ஊசியா? பஞ்சு அடைச்ச மாதிரியில்ல கேக்குது?"

மாரிட்சா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குனிந்து ஸ்டீரியோவில் எதையோ திருகினாள். "இப்போ எப்படி இருக்கு?"

"அதேதான்."

"இப்போ?"

"அதேதான். நீ முதல்ல எதையாவது மாத்து."

"ட்ரெபிளை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு மாத்திட்டேன் லாயிட்," என்றாள், உதடு நன்றாக அசையும்படி. "கம்பி சரியாத்தான் இருக்கு. உன் காதுதான் சரியில்லை."

அவன் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வேலிகிட்ட நின்னு எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன் தெரியுமா? நீ பாட்டுக்கு உள்ள போயிடுவே. சரி, மண்டைக்கனம் பிடிச்ச மனுஷன்னு விட்டுட்டேன்."

"நீதான் பேச்சை நிறுத்திட்டேன்னு நான் நினைச்சேன்."

"போன மாசம்கூட வீட்டை வித்துட்டேன்னு வந்து சொன்னேனே. தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு 'ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது'ன்னே. சனியன் விட்டுதுன்னு சந்தோஷப்படறான் பாருன்னு உள்ள போய் அழுதேன்."

"எந்த வீட்டை?"

"என் வீட்டைத்தான், செவிட்டுக் கழுதை! வெள்ளிக்கிழமை அடிலெய்டுக்குப் போறேன். இனிமே மகன் வீட்டோடதான்."

லாயிட் கதவுப் பலகையை எடுத்து அதன் இடத்தில் வைத்து அழுத்தினான். ஒரு கிளிப் உட்காரவே மாட்டேன் என்றது. மாரிட்சா இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவனே அவளை விமான நிலையத்துக்கு ஓட்டிப் போனான். பாட்டுப் போடவில்லை. அவள் வழி நெடுக ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். சாலையைப் பார்ப்பதா அவள் வாயைப் பார்ப்பதா என்று தெரியாமல் அவன் தவித்தான். தலையை மட்டும் ஆட்டக்கூடாது என்பதில் கவனமாக இருந்தான். "என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு," என்று கேட்டுக் கேட்டே வந்தான். அவளும் சலிக்காமல் சொன்னாள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை: மருமகள் சமையல், முழங்கால் வலி, அடிலெய்டு வெயில். இத்தனை வருஷமும் வேலியோரம் வந்து அவள் சொல்ல நினைத்ததெல்லாம் இந்த மாதிரிச் சமாசாரம்தான் போலிருக்கிறது. 

அடுத்த மாதம் காதுக்கருவி வாங்கிக்கொண்டான். போனது முழுக்கத் திரும்பாது, ஓரளவு கேட்கும் என்று பரிசோதித்த பெண் சொன்னாள். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. வண்டியில் பாட்டும் கேட்டது. புது ஸ்பீக்கர் நன்றாகத்தான் பாடியது. ஒரு முழுப் பாட்டை வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

ஆனால் வீட்டுக்குள் வந்ததும் திகைத்துப் போனான். ஃபிரிட்ஜ் ஓயாமல் ரீங்காரம் போட்டது. குழாய் சொட்டியது. அவன் நடந்தால் செருப்பு தரையில் சரக் சரக்கென்றது. வீடு இத்தனை சத்தம் போட்டுக்கொண்டா இருந்தது? அதில் மனிதக் குரல் மட்டும் இல்லை.

மாரிட்சாவுக்குப் போன் செய்தான்.

"யாரு, லாயிட்டா? காது கேக்குதா இப்போ?"

"கேக்குது. நீ பேசு."

"என்ன பேசறது?"

"எதையாவது."

அவள் பேசினாள். பேரன் பள்ளிக்கூடத்தைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி. பிறகு யாரோ கூப்பிட, "சாப்பாடு ஆயிடுச்சாம், அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து, நேற்றைய சூப்பை எடுத்து அடுப்பில் வைத்தான். அது கொதிக்கத் தொடங்கும் சத்தத்தைக் கேட்டபடி பக்கத்தில் நின்றான். அதற்குப் பிறகு, மகளின் எண்ணைத் தேடினான்.