சந்தனம் குடித்த துப்பாக்கி

குற்றால மலையின் முகடுகளில் முகில்கள் பிழியாத ஈரத்துணி போலத் தொங்க, தொலைவில் அருவி ஓயாது முழங்க, சிற்றாற்றங்கரை வழியே தவழ்ந்த குளிர்காற்று மேலகரத்து நாற்றங்கால்களைத் தடவி, முடியிழந்து நின்ற தென்காசிக் கோபுரத்தை நோக்கி நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டின் ஐப்பசிக் காலையொன்றில், அறிவுசால் அன்பரே, அவ்வழகு எதனையும் நுகரும் நிலையில் இல்லாதவராய், தம் வீட்டுக் கொல்லையில் துப்பாக்கியும் வியர்வையுமாய் நின்றிருந்தார் நிலக்கிழார் சாம்பசிவம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் காட்டுப்பன்றி ஒன்றை ஒரே குண்டில் வீழ்த்தினார் என்பது ஊரறிந்த வரலாறு. சொல்லுந்தோறும் அப்பன்றியின் கோரைப்பற்கள் ஒரு விரற்கடை வளர்ந்து, அவ்வாண்டில் ஏறத்தாழ யானைத் தந்தத்தை எட்டியிருந்தன. முந்தைய நாள் மாலையிலோ, உண்மைப் பன்றியொன்று குளத்து நாணற்புதரிலிருந்து பாய்ந்து ஊர்க்காரர் சுடலைக்கண்ணுவின் தொடையைக் கிழித்துவிட்டது. ஊர் திரண்டு வந்து கைகூப்ப, அவரும் மீசையைத் தடவி, விடிந்ததும் அதன் கதையை முடிப்பதாய் முழங்கிவிட்டார். விடிந்தபின் பனங்குற்றியில் மண்கலம் வைத்துச் சுட்டுப் பார்த்தால், முதற்குண்டு ஒரு சாண் இடப்புறம் விலகியது. அடுத்தது இரு சாண்.

துப்பாக்கிக்கு அவ்வாண்டு குழலைத் தாங்கும் புதுக்கட்டை இழைத்த தச்சர் ஏசுவடியானை அழைத்துவரச் செய்து, பழி முழுவதையும் அவர் தலையில் இறக்கினார். தச்சர் திருகாணிகளை முறுக்கிப் பார்த்தார். பின்னர்த் தாள் ஒன்றைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே நுழைத்து இழுத்தார். நான்கு விரல் தொலைவில் தாள் சிக்கி நின்றது. ஆணிகளைக் கழற்றிக் குழலைத் தூக்கினால், அது கிடக்கும் கட்டைப் பள்ளத்தின் ஒரு பக்கம் நெடுக, கல்லாய் இறுகிக் கிடந்தது சந்தனம். ஊரைக் காத்த படைக்கலத்திற்குப் பிறர் அரிவாளுக்கு வைப்பதுபோல் ஒரு பொட்டுப் போதுமோ என்று, ஆயுத பூசையன்று கிண்ணத்தோடு கவிழ்த்தவர் சாம்பசிவமே.

“கட்டையில குத்தமில்ல அண்ணாச்சி. குழல் பள்ளத்துல எங்கனயும் முட்டாம கெடக்கணும், முட்டுனா குண்டு கோணிப் போவும். நீங்க அபிசேகம்லா பண்ணிட்டிய.”

“சாமி காரியத்தப் பழிக்காத வே.”

“சாமிய ஏன் பழிக்கேன்? சாமியா கிண்ணத்தக் கவுத்துச்சு?”

உளியால் சுரண்டித் துடைத்து மீண்டும் பூட்டியபின் சுட, கலம் சிதறியது, அடுத்ததும் சிதறியது. வேலிக்கு வெளியே ஊர் ஆர்ப்பரித்தது. அச்சம் தொலைந்தது என்று எண்ணுவீராயின் நீர் சாம்பசிவத்தை அறியீர். கோணல் துப்பாக்கி என்பது அவருக்கு மழையில் கிடைத்த கூரையாய் இருந்தது. ‘துப்பாக்கி பழுது, மக்களே’ என்று திருப்பியனுப்பும் சொற்களைக்கூட அவர் கோத்து வைத்திருந்தார். தச்சரின் உளி அக்கூரையைப் பெயர்த்தெறிந்துவிட்டது.

அவர் தச்சரைக் கிணற்றருகே இழுத்துச் சென்றார்.

“ஏசுவடியான், அந்தப் பன்னிய நான் சுடல வே. செத்துக் கெடந்ததுலதான் ஒரு குண்டப் போட்டேன். இப்பப் பயமா இருக்கு.”

“தெரியும் அண்ணாச்சி. அதத் தூக்கிட்டு வந்ததே எங்கப்பனும் நானுந்தான். நாத்தத்துல மூணு நாளு சோறு எறங்கல.” சற்று நிறுத்தி, “எனக்கும் பயந்தான். பக்கத்துல நிக்கேன், வாங்க,” என்றார்.

குளக்கரையில், பன்றியைக் கிளப்ப ஊரார் தப்பட்டைப் பறை முழக்க, நாணல் பிளந்தது. கரிய பாறையொன்று உயிர்பெற்று உருண்டதுபோல் அவ்விலங்கு வந்தது. சாம்பசிவம் துப்பாக்கியைத் தோளில் பதிக்க, தச்சரின் உள்ளங்கை அவர் முதுகில் அழுந்தியிருந்தது. பத்தடித் தொலைவில் வெடித்த குண்டு எள்ளளவும் கோணாமற் சென்று அதனைச் சாய்த்தது.

அதன்பின் அப்பெரியார் பன்றிக்கதை எதனையும், பழையதையோ புதியதையோ, எவர்க்கும் உரைத்திலர். வற்புறுத்திக் கேட்டோர்க்கு, “கட்டை நல்ல கட்டை” என்பதே அவர் மறுமொழி. அடுத்த ஆயுத பூசையில் அத்துப்பாக்கியின்மேல் ஒரேயொரு பொட்டு, கடுகளவாய், குழலுக்கு வெகு தொலைவில் இருந்தது.