சங்கத்தின் மூக்கு

உலக மக்கள் அனைவரும் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செப்டம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கில், டெசோட்டெல் பண்ணையின் களஞ்சியத்தில், மேப்பிள் தெரு வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கம் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அடுத்த ஆண்டுக்காகத் தேர்ந்தெடுக்கப் போகிறது. இதற்காக நாடுகள் போர்களை நிறுத்தும் என்று சங்கம் எதிர்பார்க்கவில்லை. நிறுத்தினால் ஆட்சேபம் இல்லை.

இந்தப் பெரும் பொறுப்பு மொத்தமும் ஒரே ஒரு மூக்கின் மேல் விழுந்திருந்தது. மூக்குக்குச் சொந்தக்காரர் வெண்டல் ப்ரௌட்டி, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். பல வருடங்களுக்கு முன்னால் இதே களஞ்சியத்தில் அவர் ஒரு பிடி ஹாப்ஸ் பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, முகர்ந்து, பேரிக்காயும் மழையில் நனைந்த நாயும் தெரிவதாகச் சொன்னார். வாசலில் ஒரு பேரி மரம் நின்றது. மேசைக்கடியில் நனைந்த நாய் ஒன்று படுத்திருந்தது. இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கே சங்கத் தலைவர் மெர்வின் எக்கிள்ஸ் அவரை 'நிரந்தர மூக்கு' என்று அறிவித்துவிட்டார். மெர்வின் ஜன்னல் கண்ணாடி விற்றுக் காலம் தள்ளியவர். பட்டம் கொடுப்பதில் கை தாராளம்.

அதிலிருந்து விதி இதுதான்: மூக்கு முதலில் முகரும். அது வாயைத் திறக்கும்வரை மற்ற ஏழு பேரும் பேசக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. மூக்கு தேர்ந்தெடுத்ததைச் சங்கம் வாங்கி எட்டாகப் பிரித்துக்கொள்ளும். மாற்றுக் கருத்துக்கு விதியில் இடம் உண்டு. அந்த இடத்தில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், மூக்கு போய்விட்டது. ஜூன் மாதம் வந்த காய்ச்சல் அதைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிற்று. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் மனைவி லோர்னா கண்டுபிடித்தாள். திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். அதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை என்று லோர்னா சொன்னாள்.

அன்றைக்கே சங்கத்தில் சொல்லியிருந்தால் ஒரு அனுதாப அட்டையோடு முடிந்திருக்கும். வெண்டல் தள்ளிப்போட்டார். அதற்குள் ஃப்ரீசர் குறுக்கே வந்தது.

ஹாப்ஸ் நன்றி கெட்ட பொருள். பைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, இறுக மூடி, பனிக்கட்டிக் குளிரில் வைத்தால் வருடம் முழுக்க மணக்கும். பையில் ஒரு ஓட்டை விழுந்து கொஞ்சம் சூடும் பட்டுவிட்டால் பழைய சீஸ் நாற்றம் எடுக்கும். அதற்கப்புறம் துவைக்காத காலுறை. வெண்டலின் பை ஒன்றில் ஓட்டை. லோர்னாவின் தம்பி கொடுத்த மான் தொடை ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டிருந்ததால் ஃப்ரீசர் கதவும் சில வாரங்கள் சரியாக மூடவில்லை. வேறு யாராக இருந்தாலும் பையைத் திறந்த கையோடு குப்பையில் வீசியிருப்பார்கள். வெண்டல் திறந்தார், பழக்கத்தில் முகர்ந்தார், ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சினார். ஜூலைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

முதல் வாய்க்குப் பிறகு எல்லாரும் மெர்வினைப் பார்த்தார்கள். மெர்வின் குவளையை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது பழைய காலத்துப் பண்ணை வீட்டுப் பாணி என்றும், வெண்டல் காலத்தை முந்திப் போய்க்கொண்டிருக்கிறார் என்றும் அறிவித்தார். சங்கத்தின் சுற்றறிக்கையில் 'காற்றோடு சமாதானம்' என்று மூன்று பக்கம் எழுதினார். உறுப்பினர்கள் ஏழு பேரும் தங்கள் ஹாப்ஸ் பைகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூலையைக் கத்தரித்து, ஆகஸ்ட் வெயிலில் கராஜ் அலமாரியில் வரிசையாக அடுக்கினார்கள். செப்டம்பரில் ஏழு வீட்டுப் பெண்களும் காரைத் தெருவில் நிறுத்த ஆரம்பித்தார்கள்.

வெண்டல் ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்று கிளம்புவார். ஒவ்வொரு வாரமும் இன்னொருவர் பையை வெட்டியிருப்பார். வெட்டிய பை ஒவ்வொன்றும் வெளியே போகிற வழியில் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டதுபோல இருந்தது அவருக்கு. அவர் கேட்டதெல்லாம் பெரிதில்லை: அந்தப் பட்டத்தைக் கழற்றி வைக்க வேண்டும், எட்டு வீட்டின் ஒரு வருட பீரைக் குருட்டாம்போக்கில் கெடுக்காமல் தப்பிக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை லோர்னா கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குச் சொல்லிரு."

"சொல்லிடுறேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்ன."

"போன மாசம் மெர்வின் பேசிக்கிட்டே இருந்தான்."

"அவன் எப்ப பேசாம இருந்திருக்கான்? மூச்சு விடுவான்ல, அப்ப சொல்லு."

களஞ்சியத்தில் நீள மேசையின் மேல் பழுப்புக் காகிதம் விரித்து, காய்ந்த பூக்களை அழுத்திச் செய்த நான்கு ஹாப்ஸ் கட்டிகளை வைத்திருந்தாள் பண்ணைக்காரி ரெனே டெசோட்டெல். பெரிய பீர் ஆலைக்காரர்கள் வந்து முகர்ந்து வாங்கிப் போனபின் மிச்சம் இவை. காற்று வந்து வாசனையைக் கலைத்துவிடக் கூடாதென்று மெர்வின் கதவை இழுத்துச் சாத்தினார். எட்டு பேரும் மேசையைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். கதவுக்கும் வெண்டலுக்கும் நடுவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஓரின் நின்றார், அகலமான ஆள்.

மெர்வின் பேசினார். மனித மூக்கின் வரலாறு, அதில் வெண்டலின் இடம். பண்டைய எகிப்து வரைக்கும் போய்விட்டு மூச்சு வாங்கினார்.

"மெர்வின், நிறுத்து. எனக்கு மூக்கு போயிருச்சு," என்றார் வெண்டல். "ஜூன்ல காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட. வாசனைன்னு ஒண்ணுமே தெரியல. வேற யாராவது பாருங்கப்பா."

அனுதாபம் வரும் என்று அவர் காத்திருந்தார். ஓரின் மட்டும் விரல் விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார்.

"ஜூன்லயா?"

"ஜூன்ல."

"நீ அந்த பீரைக் கொண்டாந்தது ஜூலைலதானே?"

"பை ஓட்டை, ஓரின். ஹாப்ஸ் கெட்டுப்போயிருந்துச்சு. எனக்குத் தெரியல."

"என் கராஜுல அஞ்சு பை வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது," என்றார் ஓரின் மெதுவாக. "என் பொண்டாட்டி அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

ஏழு முகங்களிலும் ஒரே கணக்கு ஓடுவதை வெண்டல் பார்த்தார். மெர்வின் முகத்தில் கூடுதலாக மூன்று பக்கம் ஓடியது. அவர் வந்து வெண்டலின் தோளில் கை வைத்தார், சவ அடக்கத்தில் வைப்பது போல. பெரிய மூக்குகளுக்கு இப்படி ஒரு சந்தேக காலம் வருவது இயல்பு, இது வெறும் களைப்பு என்று ஆறுதல் சொன்னார்.

"டாக்டரே சொல்லிட்டாருப்பா."

"அவரு பீர் காய்ச்சுவாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?" மெர்வின் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு வெண்டல். நீ சொல்றது நிஜம்னா நாங்க ஏழு பேரும் முட்டாளுங்க. நிஜமில்லைன்னா நீ ஒருத்தன் கொஞ்சம் களைச்சிருக்க. எது தேவலைன்னு ஓட்டுக்கு விடுவோமா?"

விட்டார். ஏழு கைகள் உயர்ந்தன. வெண்டல் ப்ரௌட்டியின் மூக்கு நல்ல நிலையில் இருப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கு. அது சம்பந்தப்பட்டவருடையது என்பதால் செல்லாது என்று தலைவர் தீர்ப்பளித்தார். ஓரின் இன்னும் கதவை அடைத்துக்கொண்டுதான் நின்றார்.

வேறு வழியில்லாமல் வெண்டல் முதல் கட்டியிலிருந்து ஒரு பிடி பிய்த்துத் தேய்த்தார். உள்ளங்கையில் மஞ்சள் பிசுக்கு ஒட்டியது. மூக்கை அதில் புதைத்தார். குளிர்ந்த காற்று தவிர ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எல்லாம் அதே காற்று. சுற்றியிருந்த முகங்களில் ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று பார்த்தார். விதிப்படி ஏழும் சாத்திய கதவுகளாக இருந்தன. ரெனேயைப் பார்த்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெர்வின் விரலை உயர்த்தினார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் அவளும் வற்புறுத்தவில்லை.

இருப்பதில் மூன்றாவதுதான் நல்ல பச்சை. "இது," என்றார் வெண்டல்.

ஏழு பேரும் மூன்றாவதைப் பிய்த்துத் தேய்த்தார்கள். பீச் பழம் என்றார் ஒருவர். மாம்பழம் என்றார் மாம்பழத்தை டப்பாவில் மட்டுமே பார்த்திருந்த இன்னொருவர். ஓரின் கண்ணில் தண்ணீர் தளும்ப, பைன் காடு, விடியற்காலைப் பைன் காடு என்றார்.

"நிச்சயமா இதுதானா?" என்று ரெனே கேட்டாள். "இது கடைசியா பறிச்சது. கொடியிலயே ரொம்ப நாள் நின்னுடுச்சு."

"முதிர்ச்சி," என்றார் மெர்வின்.

ரெனே தோளைக் குலுக்கிவிட்டுத் தராசை இழுத்தாள்.

வீட்டுக்கு வந்து கார் கதவைத் திறந்ததும் லோர்னா இரண்டடி பின்னால் போனாள்.

"காருக்குள்ள யாரு வெங்காயம் உரிச்சது?"

வெண்டல் பின்சீட்டில் இருந்த ஹாப்ஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கொடியில் முற்றிப்போன ஹாப்ஸுக்கு வெங்காய வாடை உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வழி முழுக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதோடுதான் வந்திருந்தார்.

"சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். ஓட்டுக்கு விட்டாங்க."

"எதை?"

"என் மூக்கை."

"ஜெயிச்சுட்டியா?"

"என்னைத் தவிர எல்லாரும் போட்டாங்க."

மெர்வினுக்கு உடனே போன் பண்ணு என்றாள் லோர்னா. பண்ணினால் இன்னொரு கூட்டம் போடுவார்கள், இன்னொரு ஓட்டெடுப்பு நடக்கும், அதிலும் தான் தோற்பது உறுதி என்று வெண்டல் விளக்கினார். அப்புறம் பெட்டியை கராஜுக்குத் தூக்கிப்போய், ஹாப்ஸைச் சின்னச் சின்னப் பைகளில் நிரப்பி, காற்றைக் கடைசிப் பொட்டு வரை உறிஞ்சி எடுத்து, ஒட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, மான் தொடையை ஓரமாகத் தள்ளி ஃப்ரீசருக்குள் அடுக்கினார். மற்ற ஏழு வீடுகளிலும் இதே வேலை இதே கவனத்தோடு நடந்தது. காற்றோடு சமாதானம் என்ற பேச்சையே அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. கராஜ் பைகள் சத்தமில்லாமல் குப்பை வண்டி ஏறின. இப்படிப் பத்திரப்படுத்திய ஹாப்ஸ் ஓராண்டுக்கு மணம் மாறாது.

மாறவில்லை. அந்த ஆண்டு முழுக்க பீர் வெங்காய வாடை அடித்தது.