நாலாவது சுழி

கேக் மேல் கிரீமால் எழுதுவது என் வேலை. வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது, என் வலது கை துவண்ட கீரைத்தண்டாகத் தொங்கியது. எனக்கு அதன் மேலேயே கோபம் வந்தது.

பேக்கரி முதலாளி சுற்றி வளைக்கவில்லை. "அடுத்த சனிக்கிழமை வந்து ஒரு வரி எழுதிக் காட்டும்மா. சரியா வரலேன்னா என் மச்சினியே எழுதட்டும்."

அந்த மச்சினிதான் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வருஷமாக என் ஸ்டூல்! அவளுக்கு மூன்று சுழி ‘ண’வும் ரெண்டு சுழி ‘ன’வும் ஒன்றுதான். கல்யாண கேக்கில் ‘மனமக்கள்’ என்று எழுதி அனுப்பிய புண்ணியவதி.

கைப்பயிற்சி டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார்: ரப்பர் பந்தைப் பிசை, விரல்களில் ரப்பர் பேண்டை மாட்டி விரி, துணிக் கிளிப்பை ரெண்டே விரலால் திற. நான் ஆரம்பித்ததும் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. பந்து கைக்கு அகப்படாதபோது தக்காளியைப் பிசைந்தேன். காலண்டரில் கிளிப், திரைச்சீலையில் கிளிப், பேப்பர் படித்தபடியே தூங்கிப்போன வீட்டுக்காரர் காதிலும் கிளிப்.

"அடியே, இது காதுடி!"

"தெரியுது. ஆடாம இருங்க, இன்னும் நாலு பாக்கி."

எல்லாம் வந்தது, ‘ண’ மட்டும் வரவில்லை. பற்பசையைப் பிதுக்கிக் குளியலறைக் கண்ணாடியில் எழுதிப் பார்ப்பேன். முதல் சுழி வரும், ரெண்டாவதும் வரும், மூன்றாவதில் கை செத்துவிடும். கண்ணாடி முழுக்க ‘ன’.

"ரெண்டோட நிறுத்திக்கயேன். யாரு எண்ணப் போறா?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் எண்ணுவேன்!" என்று கத்திவிட்டு அழுதேன். அந்த ஸ்டூல் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பந்தை எடுத்தேன்.

சனிக்கிழமை முதலாளி ஒரு கேக்கை நகர்த்தினார். "எழுதும்மா: அண்ணன் அண்ணிக்கு மணநாள் வாழ்த்து."

ஐந்து ‘ண’! பாவி மனுஷன், பொறுக்கி எடுத்திருக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிரீம் பையை அமுக்கினேன். அண்ணன் வந்தார், அண்ணியும் வந்தாள். கடைசி ‘ண’வில் ஒன்று, ரெண்டு, மூன்று. கை நிற்கவில்லை! குஷியில் அதுபாட்டுக்கு இன்னொன்றும் சுழித்துவிட்டது.

முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, குனிந்து எண்ணினார். "ஒன்னு, ரெண்டு, மூணு... நாலு? என்னம்மா இது?"

"கொசுறு, சார்."

மச்சினிதான் முதலில் சிரித்தாள். "எனக்கு மூணே வராது, அத்தான்" என்று சொல்லி இறங்கி, ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

முதலாளிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த நாலாவதை வழிச்சுடு. திங்கக்கிழமையிலேருந்து வந்துடு."

வழித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"திங்கக்கிழமை என்ன சார், இதோ உக்காந்துட்டேன்!"