விண்கப்பலில் யார் துணி துவைக்கிறார்கள்?

சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தானைக் காணோம். குளிப்பாட்டி, உடுத்தி, கூடத்தில் கிடத்தி, சுற்றி நாற்காலிகள் போட்டு முடிந்த பிறகுதான் அது அவள் கண்ணில் பட்டது. இருபத்தெட்டு வருஷமாக ஊர்ச் சட்டைக்கெல்லாம் பொத்தான் வைத்தவள். தையல்காரியின் புருஷன் சட்டை திறந்தபடி போனான் என்று பேச்சு வர விடுவாளா? ஊசியில் நூல் கோத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? மேல போர்வை போத்தத்தானே போறோம்," என்றான் மகன்.

"போத்துங்க. உள்ள நான் பாத்துக்கறேன்."

நாலு குத்து, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. நூலைக் கடிக்கக் குனிந்தபோது அவருடைய மூச்சு முகத்தில் படவில்லை. உயிரோடு இருக்கும்போது இப்படிக் குனிந்தால், "ஏய், ஊசி ஊசி" என்று அலறுவார். நேற்றுப் பிற்பகலிலிருந்து அழாத கண் இப்போதும் அழவில்லை. எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலுக்குக் காரணம் வாசல் கதவில் ஒட்டியிருந்தது. மகன் காலையில் அச்சடித்து ஒட்டிய தாள். மேலே அப்பாவின் படம், கீழே 'சாய்வு நாற்காலியின் மறக்க முடியாத வரிகள்' என்று தலைப்பு, அதற்கும் கீழே ஏழு வரிகள். வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். சிலர் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

'நானூறு வருஷம் கழித்தும் பெண்களின் சீருடையில் ஒரு பாக்கெட் வைக்க ஆளில்லை.'

'பழைய படத்துக் கதாநாயகி மூன்று நாள் காட்டில் தொலைந்தாலும் உடுப்பு கசங்காது. தொலைந்தது அவள் இல்லை, இஸ்திரி போட்டவள்.'

'இந்தக் கப்பலில் முந்நூறு பேர். சுடுவதற்கு ஆள் உண்டு, ஓட்டுவதற்கு ஆள் உண்டு. துணி துவைப்பது யார்?'

ஏழும் அவள் வாயிலிருந்து வந்தவை. ஏழில் ஒன்றுகூட அவர் சொன்னதில்லை.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று வந்தவருக்குப் பகலை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குச் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். கறுப்பு வெள்ளைப் படங்கள், விண்வெளித் தொடர்கள். இருபதாவது நிமிஷம் குறட்டை ஆரம்பித்துவிடும். ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்தபடி மிச்சத்தைப் பார்த்து முடிப்பது அவள். நாலு மணிக்குத் தேநீரைக் கையில் கொடுத்தால் கண்ணைத் திறந்து முதலில் கேட்பது ஒன்றுதான்.

"முடிவு என்ன?"

அவள் சொல்வாள். முடிவை மட்டுமா சொல்வாள்? எந்தக் காட்சியில் காலர் மாறிப்போச்சு, எந்த ராணி தைக்கத் தெரியாமல் ஊசி பிடித்தாள், வேற்றுக்கிரகத்துக்காரனுக்கு மூன்று கை இருந்தும் சட்டைக்கு ஏன் இரண்டு கை, எல்லாம் சொல்வாள். அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதை எழுதி ஃபேஸ்புக்கில் 'சாய்வு நாற்காலி' என்ற பேரில் போடுவார். முதல் வருஷம், "ரெண்டு பேர் பேரையும் போட்டுடுவோம்" என்றார். இரண்டாம் வருஷம் அவளே ஞாபகப்படுத்தியபோது, "சொல்றது யாரு வேணா சொல்லலாம், எழுதறதுதான் கஷ்டம்" என்றார். ஒன்பது வருஷத்தில் பதினோராயிரம் பேர் அந்தப் பேஜில் சேர்ந்துவிட்டார்கள்.

பதினோராயிரம் பேருக்கும் தெரிய வேண்டாம். ஒருத்தருக்காவது தெரிய வேண்டும். பெற்ற பிள்ளைக்கு மட்டுமாவது தெரிய வேண்டும். காலையில் அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து அவளுக்குள் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். தான் பல் டாக்டர் என்றும், வாசகி என்றும், இன்றைக்குக் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்ததாகவும் சொன்னாள். இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரிக்கு வராத அழுகை வாசகிக்குத் தாராளமாக வந்தது.

"ஐயாவோட எழுத்துல எனக்கு உசுரு எது தெரியுமாம்மா? அந்தக் கடிகாரம் ரிப்பேர் பண்றவர் படம். கடைசியில மனைவி ஊர்லேர்ந்து திரும்பி வருவாங்களே, அது. எல்லாரும் அவங்க வந்துட்டாங்கன்னுதான் நினைச்சோம். ஐயா ஒருத்தர்தான், அவ வரவே இல்ல, வந்தது அவன் நினைப்புன்னு எழுதினார். அதைப் படிச்சுட்டு அந்தப் படத்தை நாலு தரம் பாத்தேன். நாலு தரமும் அழுதேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

அந்தக் கடிகாரக்காரர் படம் ஓடிய வாரம்தான் அவளுடைய அக்கா செத்திருந்தாள். எடுக்குமுன்பே, "எழுத வேண்டியது இருக்கு" என்று அரை மணி நேரத்தில் கிளம்பி வந்துவிட்டார் இந்த மனுஷன். மறுநாள் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "முடிவு என்ன?" என்றார். வயிறு எரிந்தது அவளுக்கு. "அவ வரவே இல்ல. அவனா நினைச்சுக்கிட்டான்," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். படத்தில் மனைவி பெட்டியோடு வந்து இறங்கி, இரண்டு பேரும் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஊர் சிரிக்கட்டும் என்று காத்திருந்தாள். ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. என்ன ஆழம், என்ன பார்வை என்று முந்நூறு கமெண்ட்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?" பல் டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்துத்தானே விண்கப்பல் தொடரோட கடைசி எபிசோட்? ஏழு வருஷமா ஐயா அதைப் பத்தி எழுதினார். முடிவைப் பாத்துட்டாரா?"

"அடுப்புல தண்ணி வெச்சிருக்கேன்," என்று எழுந்துகொண்டாள்.

அடுப்பில் ஒன்றுமில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நேற்று இரண்டு மணிக்கு வழக்கம்போல் உட்கார்ந்தார். வழக்கம்போல் குறட்டை வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. அப்பாடா, இன்றைக்காவது நிம்மதியாகக் கேட்கலாம் என்று அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். முடிவு வந்தது. கப்பல் வந்து இறங்குகிறது, கதவு திறக்கிறது, முந்நூறு பேரும் முண்டியடித்து ஓடுகிறார்கள். ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. கேப்டன் அம்மாள் தனியாக ஒவ்வொரு அறையாகப் போய், அவர்கள் கழற்றி எறிந்துவிட்டுப் போன சீருடைகளைப் பொறுக்கி எடுத்து மடித்து வைக்கிறாள். விளக்கு ஒவ்வொன்றாக அணைகிறது. அவ்வளவுதான்.

அந்த மடிக்கும் இடத்தைப் பின்னால் ஓட்டி இன்னொரு தரமும் பார்த்தாள். முதல் வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. நாலு மணி ஆகக் காத்திருக்கவில்லை. "என்னங்க, ஏழு வருஷம் கழிச்சு அந்தக் கப்பல்ல ஒருத்தி துணி மடிச்சுட்டா," என்று திரும்பிச் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். கீழ் வீட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் முக்கால் மணி நேரமாவது இருக்கும் என்றார்.

முக்கால் மணி நேரம் பிணத்தோடு உட்கார்ந்து நாடகம் பார்த்திருக்கிறாள். அதுகூடப் பெரிதில்லை. திருட்டு மனுஷன்தான், ஆனால் உலகத்தில் அவளைப் பார்த்து முடிவு என்ன என்று கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அதை நினைத்தபோது அவர்மேல் கோபம் இன்னும் கூடியது.

"இங்க என்னம்மா பண்றே?" மகன் வந்து நின்றான்.

இதை விட்டால் வேறு நேரமில்லை என்று தோன்றியது அவளுக்கு. "கதவுல ஒட்டியிருக்கியே, அந்த வரியெல்லாம் நான் சொன்னதுடா."

"எது?"

"ஏழும். உங்கப்பா எந்தப் படத்தையும் முழுசா பாத்ததில்ல. தூங்கிடுவார். நான் பாத்துச் சொல்வேன், அவர் எழுதுவார்."

மகன் அவளையே பார்த்தான். பிறகு அவள் தோளில் கை வைத்தான். காய்ச்சல் கண்ட குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினான். "ராத்திரியெல்லாம் தூங்கலம்மா நீ. நீ எங்கம்மா பாத்த? எப்பவும் மெஷினுக்குள்ளதானே தலையை விட்டுக்கிட்டு இருப்பே. காதுல சத்தம் விழுந்திருக்கும். அப்பா எழுதினதைக் கேட்டுக் கேட்டு, நாமதான் சொன்னோமோன்னு தோணியிருக்கும்."

"பாக்கெட் இல்லாத சீருடையைப் பத்தி லிஃப்ட் ரிப்பேர் பண்ற ஆளுக்கு என்னடா தெரியும்?"

"அப்பாவுக்குத் தெரியாதது இல்லம்மா," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவன் கூடத்துக்குப் போனான்.

இரண்டு மணிக்கு வண்டி வர வேண்டும். ஒன்றரைக்கு மகன் போனும் கையுமாக மறுபடி அவளிடம் வந்தான்.

"பேஜ்ல எல்லாரும் ஒரே கேள்விதாம்மா. கடைசி எபிசோடைப் பத்தி ஐயா ஏதாவது எழுதி வெச்சிருக்காரான்னு. சும்மா விட்டா நல்லாருக்காது. அப்பாவோட கடைசி விமர்சனம்னு சின்னதா ஒண்ணு போட்டுடலாம்னு பாக்கறேன். நான் அந்தத் தொடரைப் பாத்ததில்ல, இப்ப உக்காந்து பாக்கவும் நேரமில்ல. நீ பக்கத்துலதானே இருந்தே? மிச்சத்தை நான் அப்பா மாதிரியே எழுதிக்கறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "முடிவு என்னம்மா?"

அதே கேள்வி. அதே மாதிரி தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு. கையில் தேநீர் ஒன்றுதான் இல்லை.

கூடத்தில் மகனுக்குப் பின்னால் அப்பன் கிடந்தார். பொத்தான் சரியாக உட்கார்ந்திருந்தது.

"கப்பல் ஊருக்கு வந்து சேருது," என்றாள்.

"ம்."

"முந்நூறு பேரும் இறங்காம வரிசையா நிக்கறாங்க. ஒவ்வொருத்தரா வந்து அந்தக் கேப்டன் அம்மாவுக்கு நன்றி சொல்றாங்க. நீ இல்லாட்டி நாங்க இல்லன்னு சொல்றாங்க. அந்தம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க."

மகன் இரண்டு கட்டை விரலாலும் வேகமாக எழுதினான். அப்பனைவிட வேகம். "ரொம்ப அழகா இருக்கும்மா," என்றான். "வேற ஏதாவது?"

"அவ்வளவுதான்."

வண்டி வந்தது. அவரை முன்னால் ஏற்றினார்கள். பின்னால் வந்த காரில் அவளும் மகனும் உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் தெருமுனைவரை நடந்து வந்து நின்றாள். கார் இரண்டாவது திருப்பத்தைத் தாண்டுவதற்குள் மகனின் போன் ஓயாமல் மணி அடிக்க ஆரம்பித்தது.

"பாரும்மா, அதுக்குள்ள நாப்பது கமெண்ட்," என்று எடுத்துப் படித்தான். "'எல்லாரும் திரும்பிக்கூடப் பாக்காம ஓடிப்போற காட்சியை, எல்லாரும் நின்னு நன்றி சொல்ற காட்சியா பாக்க ஐயா ஒருத்தராலதான் முடியும். கடைசிவரைக்கும் அவர் கண்ணே தனி.'"

படித்து முடித்த பிறகு இன்னொரு தரம் மனசுக்குள் படித்தான். அடுத்ததையும் படித்தான். அதற்கடுத்ததையும் படித்தான். பிறகு போனை மடியில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"அம்மா. எல்லாரும் ஓடிப்போயிடறாங்களா?"

அவள் அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கையை ஆட்டாதே. நூல் தொங்குது."

சட்டைக் கையின் ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூலைக் குனிந்து பல்லால் கடித்தாள். அதை விரலில் சுற்றிக்கொண்டு, முன்னால் போகிற வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.