மீன் பார்சல் மிஞ்சிய கிழமை

விடிய ஐந்தரைக்கு, நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது போன் சத்தம் போட்டால் அது என் தம்பி சசிகரன்தான். பஸ் ஸ்டாண்டடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அன்றைக்கு அவன் அனுப்பிய தலைப்பு இது: "கப்பல்கள் வராது! திருகோணமலைத் துறைமுகம் முடங்குகிறது?" அதற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "அக்கா, இண்டைக்கே ஷெயரை வில்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருவலையை விட்டு எழும்பி றோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சீனக்குடாப் பக்கத்தில் ஒரு கப்பல் மலைபோல நின்றது. அதைப் படம் எடுத்து, "இது என்ன, உன்ர மாமியாரோ?" என்று எழுதி அனுப்பினேன்.

தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி போட்டிருந்தால் எழுதினவனுக்கே விஷயம் தெரியாது என்று அர்த்தம். இதை நான் சசிகரனுக்கு நூறு தரம் சொல்லியிருப்பேன். விசரன், கேட்டால்தானே!

நான் அன்னலட்சுமி. கொட்டியாரக் களஞ்சியக் கம்பனியின் பெரிய கேற்றுக்கு எதிரே மத்தியானச் சோற்றுப் பார்சல் விற்கிறேன். கப்பலில் வரும் கோதுமையையும் வயலுக்குப் போடும் பசளையையும் வாங்கி, மூட்டை கட்டி, லொறியில் நாடு முழுக்க அனுப்புவதுதான் அந்தக் கம்பனியின் வேலை. பதினொரு வருஷத்துக்கு முதல் அவர்கள் தங்கள் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றபோது, சீட்டு எடுத்த காசு முழுவதையும் கொண்டுபோய் வாங்கினேன். படிவம் நிரப்பித் தந்த பொடியன் என் கையிலிருந்த மஞ்சள் கறையைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும். அந்தக் கம்பனிக்கு நாளொன்றுக்கு எத்தனை லொறி வருகிறது என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அந்தப் பங்குகள் என் மகள் கஜந்தியின் படிப்புக்கு. அவளின் அப்பா எங்கே என்று கேட்காதீர்கள், எனக்குக் கொதி வரும். பிள்ளைக்கு அரசாங்கக் கம்பஸ் மயிரிழையில் தவறிப்போனது. கொழும்பில் நாலு வருஷப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஜனவரியில் காசு கட்டவேண்டும். அந்தப் பங்குகளைத் தவிர எங்களிடம் வேறு ஒன்றுமில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு வங்குரோத்து என்று எல்லாப் பேப்பரும் அலறியபோது, பங்கின் விலை நாற்பதிலிருந்து பதினெட்டுக்கு விழுந்தது. சசிகரன் பெரியப்பா, சித்தி, சித்தியின் மருமகன் என்று ஒரு படையைத் திரட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். "பிள்ளையின்ர வாழ்க்கையோட விளையாடாதை அக்கா, வித்துப்போட்டு மிச்சத்தையாவது எடு" என்றான். நான் அகப்பையோடு வெளியே வந்தேன்.

"டீசல் இல்லாமல் லொறியெல்லாம் றோட்டில கிடக்குது, ஓம். ஆனா லொறியை விட்டிட்டு ஒரு றைவராவது வீட்ட போனவனோ? உள்ளுக்குச் சாமான் கிடக்குது, வாங்கிறவனும் காத்துக்கொண்டு நிக்கிறான். இண்டைக்கு எழுபது பார்சல் போட்டனான். செத்த வீட்டில எழுபது பேர் சாப்பிடுவினமோ?"

படை வந்த வழியே திரும்பிப் போனது. அடுத்த வருஷம் விலை பழையபடி ஏறியது. பிறகு அதையும் தாண்டியது. அதற்குப் பிறகு கலியாண வீடோ, கோயில் திருவிழாவோ, சசிகரனைக் கண்டால் ஊருக்கு முன்னால், "வாறார் தலைப்புச் செய்தி!" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், காது மட்டும் சிவந்துபோகும்.

இனி இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். கப்பல் படத்தை அனுப்பிய அன்றைக்கு நான் நூற்றிப் பத்துப் பார்சல் விற்றேன். என் கடை தொடங்கிய நாளிலிருந்து அத்தனை விற்றதில்லை. கம்பனிக்குள் இருந்த கன்ரீனை மூடிவிட்டார்கள். அதனால் மேசை வேலை செய்கிற கந்தோர்ப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள். அதில் ஸ்டோர் கிளாக் பொடியன் ஒருத்தன், மூட்டைக் கணக்கு எழுதுகிறவன். "அக்கான்ர கோழிக்கறிக்கு முன்னால கன்ரீன் சாப்பாடு தூசு" என்று தினமும் சொல்வான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

"மூடினது நல்லதாப் போச்சு" என்று நானே என் வாயால் சொன்னேன். கடவுளே, என் வாயால்!

கஜந்திதான் எனக்குப் பார்சல் கட்டித் தருகிறவள். ஒரு புதன்கிழமை, "அம்மா, மீன் மிஞ்சுது" என்றாள்.

"எத்தினை?"

"பதினாலு."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையோ? நோன்போ?"

"ரெண்டுமில்லை."

"அப்ப நாளைக்குக் குறைச்சுப் போடு. சூரை மீன் விக்கிற விலையில ஆர் அதைக் கொட்டுறது?"

இந்த மீன் கதையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கம்பனிக்கு மூட்டை ஏற்ற வருகிற கிண்ணியா லொறிக்காரர் முஸ்லிம்கள், என் கடையில் கோழி தொடமாட்டார்கள். அது அவர்களின் முறைப்படி அறுத்ததில்லை. கடை திறந்த முதல் மாதமே ஸைனுலாப்தீன் நானா வந்து, "மீனுக்கு வேற சட்டி, வேற கரண்டி வைக்க ஏலுமா தங்கச்சி?" என்று கேட்டார். அன்றைக்கு வைத்த சட்டி இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறது. நான் சொன்ன சொல் சொன்னதுதான். ஆகவே என் கடையில் மீன் பார்சல் என்றால் கிண்ணியா லொறி, கோழி என்றால் மற்றவர்கள். இது எனக்குத் தெரியாததா? பன்னிரண்டு வருஷமாக நான் கட்டுகிற பார்சல்!

தெரிந்துகொண்டே குறைத்தேன். நாற்பதை முப்பதாக்கினேன், அதுவும் மிஞ்சியது. முப்பதை இருபதாக்கினேன். மூன்று கிழமை! கோழியைக் கூட்டிக்கொண்டே போனேன். மொத்தம் நூற்றிப் பத்து, நூற்றிப் பதினைந்து என்று எண்ணி எண்ணிப் பூரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். மற்றவர்கள் ஊருக்கு மறைப்பார்கள், நான் எனக்கே மறைத்தேன்.

நாலாம் கிழமை செவ்வாய்க்கிழமை ஸைனுலாப்தீன் நானாவின் நீல லொறி கடை வாசலில் நின்றது. கேற்றுக்குள் திரும்பவில்லை, மூக்கு கந்தளாய்ப் பக்கம் பார்த்து நின்றது. இறங்கி வந்து ஒரு மீன் பார்சல் கேட்டார்.

"எங்க நானா, ஆளையே காணேல்ல? என்னோட கோவமோ?"

"உங்களோட என்ன கோவம் தங்கச்சி? ரெண்டு மாசமா இங்க எங்களுக்கு லோட் இல்ல. காலையில வந்து பின்னேரம் வரைக்கும் சும்மா நிண்டு நிண்டு அலுத்துப் போயிட்டம். எங்கட ஆக்கள் முக்காவாசிப் பேரும் வேற இடத்துக்குப் போயிட்டாங்க."

"கப்பல் வருதே, நானா! என்ர கண்ணால பாக்கிறன்."

"கப்பல் வருது. சாமான் இவங்கட இல்ல. ஸ்டோரை வேற ஆக்களுக்கு வாடகைக்குக் குடுத்திரிக்காங்க. அவங்க அவங்கட லொறியிலயே ஏத்திப் போறாங்க."

அவர் போய்விட்டார்.  எதிரே கேற்றைப் பார்த்தேன். மூன்று செக்கியூரிற்றி நிற்கிற இடத்தில் ஒருத்தன் நின்றான். எப்போதிருந்து ஒருத்தன்? எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற கேற்று! கன்ரீனை ஏன் மூடினார்கள்? சோறு போடக் காசில்லாமல் மூடினார்கள். அந்தச் சோற்றைத்தான் நான் விற்று மகிழ்ந்திருக்கிறேன்.

"கஜந்தி! இந்தக் கொம்பனி மூண்டு மாசத்துக்கொருக்கா ஒரு அறிக்கை போடுமே, அது உன்ர போனில வருமோ?"

வந்தது. எல்லாம் இங்கிலீசில். அவள் வாசித்து வாசித்துச் சொன்னாள். விற்பனை போன வருஷத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பாங்கில் எடுத்த கடன் இரண்டு மடங்கு. அதற்கு முந்தின மூன்று மாதமும் அதே கதைதான்.

"இதை எப்ப போட்டவங்கள்?"

"ஓகஸ்டில, அம்மா. ஆரும் பாக்கலாம்."

ஆரும் பார்க்கலாம்! இதற்கு ஒரு பேப்பர் தலைப்பு வைத்ததா? ஒரு ஆச்சரியக்குறி? இல்லை. வராத புயலுக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள், இதற்கு மூச்சு விடவில்லை. அவர்களை ஏசி முடித்துவிட்டு, பிறகு என்னை ஏசினேன். பேப்பர்க்காரன் பொய் சொன்னான் என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்து ஓடுகிறவனும், தலைப்புப் பொய் என்று கால் நீட்டிப் படுக்கிறவளும் ஒரே மடைச் சாம்பிராணிகள்தான்.

அடுத்த நாள் சந்தை திறந்த உடனே புரோக்கருக்குப் போன் பண்ணினேன். கப்பல் கதையால் விழுந்த விலை திரும்ப ஏறியிருந்தது. எல்லாவற்றையும் விற்கச் சொன்னேன். "ஏன் அம்மா, இப்ப பேப்பரில எல்லாம் நல்ல செய்திதானே?" என்றான். "நீ வில்லு ராசா" என்றேன். பதினொரு மணிக்குள் அறுபத்தொரு ரூபாவுக்குப் போய்விட்டது. கஜந்தியைக் கட்டிப்பிடித்தேன். அவள் சட்டையெல்லாம் மசாலா.

வாய் சும்மா இருக்குமா? சசிகரனுக்குப் போன் எடுத்து, "நான் வித்துப்போட்டன்" என்றேன். மறுபக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"என்னடா?"

"அக்கா... நான் போன மாதம் வாங்கினனான்."

"எதை?"

"அதைத்தான். நீ கப்பல் படம் அனுப்பினாயல்லே? அண்டைக்கு யோசிச்சன், எப்பவும் நீதானே சரி எண்டு. விலையும் விழுந்து கிடந்தது. ஓடுறதுக்கு ஒரு வான் வாங்கச் சேர்த்த காசு முழுக்கப் போட்டன்."

நான் கத்தினேன்: "இப்பவே வில்லு!"

"ஏன்? எந்தப் பேப்பரில வந்தது? கண்ட கதைக்கும் ஆடாதை எண்டு நீதானே சொன்னனீ? இந்த முறை நான் ஆடமாட்டன்." போனை வைத்துவிட்டான். மூதேவி!

மத்தியானம் மிஞ்சிய மீன் பார்சல்களை ஒரு பையில் போட்டு, கடையைக் கஜந்தியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். சசிகரனின் கடையில் நாலு பேர் நின்றார்கள். கண்ணாடி மேசையில் போன்கள் வயிறு கிழிந்து கிடந்தன. நான் பையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

"எண்ணு."

"அக்கா, ஆக்கள் நிக்கினம்..."

"நிக்கட்டும். எண்ணு!"

"ஒன்பது."

"முந்தி நாற்பது மீன் போடுறனான், ஒண்டு மிஞ்சாது. இண்டைக்கு இருபது போட்டு ஒன்பது மிஞ்சிக் கிடக்குது. கிண்ணியா லொறி வாறதில்லை. இதுதான் செய்தி. இதை ஒருத்தனும் பேப்பரில போடமாட்டான்."  பிறகு சொல்லவேண்டியதையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒருத்தரிடமும் சொல்லாத வசனம் அது. "நான் பிழை விட்டிட்டன், சசி. மூண்டு கிழமையாக் கண்ணுக்கு முன்னால கிடந்தது. உன்னைப் பகிடி பண்ணிப் பண்ணி எனக்கு மண்டைக்கனம் ஏறிப்போச்சு. என்ர வாய்க்கு நீ ஏன் காசு கட்டவேணும்? வில்லு."

அந்த நாலு பேருக்கும் முன்னால் சொன்னேன். பகிடி பண்ணினதும் நாலு பேருக்கு முன்னால்தானே.

அவன் பையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தான். காது சிவக்கவில்லை. பிறகு திருத்தக் கிடந்த போன்களுக்குள் தன் போனைத் தேடி எடுத்தான். சந்தை மூட இருபது நிமிஷம் இருக்கும்போது விற்றான், ஒரு ரூபா குறைவாக. "ஒரு ரூபா போச்சுது" என்று என்னையே ஏசினான். ஏசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் கஜந்தி கொழும்புக்குப் போனாள். பெப்ரவரி நடுவில், விடிய ஐந்தரைக்கு, போன் சத்தம் போட்டது. "அதிர்ச்சி! கொட்டியாரக் களஞ்சியம் கதவடைப்பு! நூற்று எழுபது பேர் நடுத்தெருவில்!" இந்த முறை கேள்விக்குறி இல்லை. சசிகரன் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதிர்ச்சியாம். தூ!

அன்றைக்கு மத்தியானம் கேற்றில் சங்கிலி தொங்கியது. றோட்டால் போகிற கிண்ணியா லொறிகளை நம்பி மீன் மட்டும் கொஞ்சம் போட்டிருந்தேன். அந்த ஸ்டோர் கிளாக் பொடியன் மட்டும் வந்தான். கையில் ஒரு காகிதப் பெட்டி, அதற்குள் அவனுடைய தேத்தண்ணீர்க் கோப்பையும் ஒரு கலண்டரும். கடை முன் வாங்குப் பலகையில் குந்தினான்.

"நானும் இந்தக் கொம்பனி ஷெயரிலதான் போட்டு வச்சனான், அக்கா. பேப்பரில ஒண்டுமே வரேல்லையே."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. எடேய், உள்ளுக்கு இருந்தவன் நீ! ஸ்டோரில அடுத்தவன்ர மூட்டையை எண்ணினவன் நீ! உன்ர கன்ரீன் மூடினதை எந்தப் பேப்பரில பார்த்தனீ? அப்படியே அவன் தலையில் கொட்டியிருப்பேன். ஆனால் அந்தக் கன்ரீன் மூடியதற்கு அவனோடு சேர்ந்து சிரித்தவள் நான். பங்கை விற்ற பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் அவனுக்குக் கோழிப் பார்சல் கட்டிக் கொடுத்துக் காசு வாங்கியவள் நான். தம்பியைத் தேடி பஸ் ஏறிய எனக்கு, ஐந்தடி தள்ளி வாங்கில் இருந்து சாப்பிட்டவனுக்கு ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லை.

கொதியை விழுங்கினேன். அவன் முன்னால் ஒரு பார்சலை வைத்தேன்.

"கோழி போடேல்லை, தம்பி" என்றேன். "மீன்தான் இருக்குது."