இரண்டாம் குடிலின் தேனீக்கள்

"உங்கண்ணன் குடுத்த தேனீக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர் தோக்மன், வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றியபடி.

கிம்ச்சி ஊறுகாய்க்காக முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவே உப்புத் தூவிக்கொண்டிருந்த நான் நிமிரவில்லை. "தேனீக்கா, உங்களுக்கா?"

"நீயே வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். எங்களுக்கு இரண்டு பசுமைக்குடில்கள். எங்கள் ஊரான நோன்சானில் எல்லோரையும் போல இரண்டிலும் ஸ்ட்ராபெர்ரிதான். ஒரே நாளில் நட்ட நாற்று, ஒரே உரம், ஒரே கிணற்றுத் தண்ணீர். என் அண்ணன் கிபோம் இரண்டிலும் ஒவ்வொரு தேனீப் பெட்டி வைத்திருந்தான். முதல் குடிலில் தேனீக்கள் பூவுக்குப் பூ தாவி ஒழுங்காக வேலை பார்த்தன. இரண்டாவதில் பூக்கள் வெள்ளை வெளேரென்று காத்துக் கிடந்தன. தேனீக்களோ கூரை ஷீட்டில் முட்டி முட்டிக் கீழே விழுந்தன. சில, பெட்டி வாசலில் நின்று, போகலாமா வேண்டாமா என்பதுபோல் குறுக்கும் நெடுக்கும் நடந்தன.

புதுப் பெட்டி வைத்தால் ஓரிரு நாள் முட்டுவது வழக்கம்தான். ஒரு வாரம் கழிந்தும் முட்டினால் என்ன அர்த்தம்?

தேனீ தொடாத பூவிலும் பழம் வரும். விரல் முட்டி மாதிரி கோணலாக, கெட்டியாக வரும். யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. ஊரில் எல்லாக் குடில்களுக்கும் பெட்டி வாடகைக்குத் தருபவன் அண்ணன்தான். அவனுக்கு நிலம் கிடையாது. சொந்தத் தங்கை வீட்டுக்காரரே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டால், அந்தத் தேனீயை வேறு யார் வைத்துக்கொள்வார்கள்?

அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவன் பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான், தலையைச் சொறிந்தான்.

"மாப்ள, மருந்து கிருந்து அடிச்சீங்களா?"

"பூ விட்ட பிறகு எவனாவது அடிப்பானா மச்சான்? என்னைப் பார்த்தா நேத்துப் பொறந்தவன் மாதிரியா இருக்கு?"

"இல்ல, வயசானவர் மாதிரிதான் இருக்கு. அதான் மறந்துட்டீங்களோன்னு கேட்டேன்."

பிறகு பாத்திக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். முதல் குடிலில் பாத்திகளில் களை முளைக்காமல் மூடிவைக்கக் கறுப்பு மல்ச்சிங் ஷீட் போட்டிருந்தோம். கறுப்பு தீர்ந்துவிட்டதால் இரண்டாவதில் வெள்ளி நிறம். அண்ணன் அதை விரலால் தட்டினான்.

"கண்டுபிடிச்சுட்டேன். இந்தப் பளபளப்புதான். மேலயும் வெளிச்சம், கீழயும் வெளிச்சம். எது வானம் எது தரைன்னு அதுங்களுக்குத் தெரியல."

எங்களுக்கும் அது சரியாகப் பட்டது. அன்று முழுக்க மூன்று பேரும் வைக்கோலைச் சுமந்து வந்து, செடிகளுக்கு இடையே வெள்ளி தெரியாதபடி பரப்பினோம். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இப்ப மெத்தையில விழுதுங்க. அடிபடல. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பொழுது சாய்ந்து தேனீக்கள் அடைந்ததும், முதல் குடில் பெட்டியை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாற்றி வைத்தான். விடிந்ததும் கூத்து தலைகீழானது. இதுவரை பைத்தியமாக இருந்தவை முதல் குடிலில் நல்ல பிள்ளையாகப் பூவில் உட்கார்ந்தன. நல்ல பிள்ளைகள் இரண்டாவதில் கூரையை முட்டின.

"இப்ப என்ன சொல்றீங்க மாப்ள? என் தேனீல தப்பில்லன்னு ஒத்துக்கிறீங்களா?"

"எப்படி ஒத்துக்குவேன்? முன்ன ஒரு பெட்டி கெட்டிருந்துச்சு. இப்ப அடுத்த பெட்டியும் கெட்டுப் போச்சு."

"பெட்டி வேணாம்னா நேரா சொல்லுங்க. எடுத்துட்டுப் போறேன்."

"நான் எங்க வேணாம்னேன்?"

அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். என் வீட்டுக்காரர் நேராக ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய்ப் புலம்பியிருக்கிறார். மறுநாள் காலையில் ஊர் ஒலிபெருக்கியில் ஊர்த்தலைவரின் குரல் கரகரத்தது. "தேனீப் பிரச்சினை உள்ளவங்க எல்லாரும் நாளைக் காலையில மன்றத்துக்கு வாங்க. பெட்டிக்காரரை மாத்தலாமான்னு கூடிப் பேசுவோம்."

அதுவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. அறிவிப்பைக் கேட்ட பிறகு எல்லோருக்கும் வந்துவிட்டது. பக்கத்து வயல் மல்சுன் அக்கா வேலியோரம் வந்து நின்றாள்.

"நீ சொன்ன பிறகுதான் கவனிச்சேன் ஓக்சிம். எங்க வீட்டுத் தேனீயும் ஒரு மாதிரிதான் பறக்குது."

"நான் எதுவும் சொல்லலையே அக்கா."

"யாரோ சொன்னாங்க. ஒரு மாதிரி பறக்குது, அவ்வளவுதான்."

இரண்டாம் குடிலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு குடிலிலும் ஒரே செடி, ஒரே தண்ணீர், தேனீயை மாற்றியாகிவிட்டது, வெள்ளி ஷீட்டை மூடியாகிவிட்டது. இன்னும் எதில் வித்தியாசம்? ஒரு தேனீ கூரையில் முட்டி என் மடியில் விழுந்தது. மேலே பார்த்தேன். கூரை. கோடைப் புயலில் இந்தக் குடிலின் கூரை கிழிந்தபோது, என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் பியோங்து தன்னிடம் மிச்சமிருந்த ஷீட்டைக் கொடுத்தான். அவன் கீரை போடுகிறவன். உடனே போன் போட்டேன்.

"அது அருமையான ஷீட் அண்ணி. வெயில்ல ஏதோ ஒரு ஒளி இருக்காம். நம்ம கண்ணுக்குத் தெரியாது, பூச்சிக் கண்ணுக்குத்தான் தெரியும். இந்த ஷீட் அதை உள்ள விடாது. உள்ள வந்த பூச்சிக்குத் திக்கும் தெரியாது, திசையும் தெரியாது. அதான் என் கீரையில ஒரு ஓட்டை கிடையாது."

"தம்பி, தேனீக்கு?"

"கீரைக்கு யாரு அண்ணி தேனீ வைப்பாங்க?"

"நாங்க ஸ்ட்ராபெர்ரி போடுறோம்."

"தெரியும். ஆனா குடுக்கும்போது தோணல."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கழுத்து வலிக்கும்வரை கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளிச்சமாத்தானே இருக்கு. எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே."

"நீங்க என்ன தேனீயா?"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய், இருட்டிய பிறகுதான் வந்தார். ராத்திரி சாப்பிடும்போது கூரைப் பேச்சையே எடுக்கவில்லை. மன்றத்தில் இவர் வாயைத் திறப்பாரா மாட்டாரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. தப்பு என்னுடையது என்று இந்த மனிதர் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் மன்றத்தில் அண்ணன் கதவோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊரில் இன்னொரு பெட்டிக்காரர் இருக்கிறார், அவரை வரச் சொல்லலாமா என்று ஊர்த்தலைவர் கேட்டார். பலர் தலையாட்டினார்கள். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "மச்சானோட தேனீல தப்பு இல்ல. தப்பு என் கூரையில. நான்தான் தெரியாம போட்டுட்டேன்."

"கூரைக்கும் தேனீக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார் ஊர்த்தலைவர்.

"அதுக்குள்ள தேனீக்குக் கண்ணு தெரியாது."

"ராத்திரி ஓக்சிம் நல்லாப் பாடம் நடத்தியிருக்கா போல" என்றாள் மல்சுன் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் தலை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தான்.

என் வீட்டுக்காரரின் காது சிவந்துவிட்டது. "எல்லாரும் எந்திரிங்க. வாங்க என்கூட."

கூட்டம் மொத்தமும் பின்னால் வந்தது. அவர் ஏணியைச் சாத்தி ஏறி, இரண்டாம் குடிலின் கூரையைக் கத்தியால் நீளமாகக் கிழித்தார். இரண்டு வளைவுக் கம்பிகளுக்கு நடுவே இருந்த துண்டு முழுவதையும் உரித்து எறிந்தார்.

"பனிக்காலம் வருது, இந்தாளு கூரையைக் கிழிக்கிறாரே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கிழிந்த இடத்தில் வெயில் நேராக உள்ளே விழுந்தது. தேனீக்கள் அந்தப் பக்கம் திரண்டு, ஒரு பாதி வெளியே பறந்தே போய்விட்டன. "போச்சு" என்றார் ஊர்த்தலைவர். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாசலில் நின்று குளிரில் கையைத் தேய்த்தபடி எல்லோரும் எதையோ எதிர்பார்த்தோம். எதை என்று கேட்டால் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

வெளியே சுற்றியவை ஒவ்வொன்றாகத் திரும்பின. அறுவடை முடிந்த வயலில் அவற்றுக்கு வேறு பூ எங்கே இருக்கிறது? வெயில் விழுந்த பாத்திகளில் இறங்கி, பூவைச் சுற்றிச் சுற்றி நடந்தன. அங்கிருந்து இரண்டடி தள்ளி, பழைய ஷீட்டுக்குக் கீழே இருந்த பூக்களை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"யாரு இப்ப பெட்டிக்காரரை மாத்தணும்னு சொன்னது?" என்றார் ஊர்த்தலைவர்.

"நீங்கதான். மைக்ல" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நான் கூடிப் பேசலாம்னுதான் சொன்னேன். பேசியாச்சு." அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

மல்சுன் அக்கா போகவில்லை. "கிபோம், என் கூரை நல்ல கூரைதானே. அப்ப என் தேனீ ஏன் ஒரு மாதிரி பறக்குது?"

"உங்களைப் பார்த்துப் பயந்திருக்கும் அக்கா."

"சரி. அடுத்த வருசம் பயப்படாத தேனீயாப் பார்த்து வை."

அடுத்த வருசம் என்று அவள் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. அண்ணனுக்கும் வந்திருக்க வேண்டும். மேல்சட்டையைக் கழற்றி ஏணியில் தொங்கவிட்டான்.

"மாப்ள, புது ஷீட்டு எங்க? பொழுது சாயறதுக்குள்ள போட்டாகணும். ராத்திரி பனி விழும்."

"நேத்தே வாங்கி வண்டியில வச்சிருக்கேன் மச்சான்."

அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்கும் அது அப்போதுதான் தெரியும்.