காகத்துக்குப் போட்ட வலை

என் புருசன் யேசுராசாவுக்கு ஒக்லண்டில் பிடிக்காதவற்றைச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். முதலிடம் குப்பைத் தொட்டிகளுக்கு. கிளென்ஃபீல்டில் எங்கள் தெருவில் யாராவது போத்தலும் பேப்பரும் மட்டும் போட வேண்டிய மஞ்சள் மூடித் தொட்டிக்குள் பழைய சோற்றைக் கொட்டிவிட்டால் மனுசனுக்கு இரத்தம் கொதிக்கும். "நகோயாவில எண்டால் இப்பிடி நடக்குமோ?" என்று ஆரம்பிப்பார். நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.

கலியாணத்துக்கு முன் ஆறு வருசம் ஜப்பானில், நகோயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். இங்கே வந்து இருபது வருசத்துக்கு மேலாகியும் மனுசன் இன்னும் பிளேனை விட்டு இறங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது இவர் வாயில் மொரிதா அம்மாதான். இவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி. இவரைப் பெற்ற பிள்ளை போல் பார்த்தவவாம். இவர் புறப்பட்ட அன்று வாசலில் நின்று கண் கலங்கினவவாம்.

கதையோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். போன வருசம் திடீரென்று, "வீட்டை வித்துப்போட்டு நகோயாவுக்கே போவம்" என்றார். பகிடி என்று நினைத்தேன். மறுகிழமை வீடு விற்கிற ஏஜெண்ட் வந்து என் குசினியை அளந்துகொண்டு நிற்கிறான்! மோட்கேஜ் கட்டிக் கட்டி முதுகு வளைந்து எடுத்த வீடு. மழைக்கு ஒழுகும்தான். ஆனால் எனக்கு அது வேண்டும்.

"முதல்ல ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்றேன். மகள் ஷாமினியையும் கூட்டிக்கொண்டு போனோம். ஒக்லண்டில் பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருசம் ஜப்பான் பாஷை படித்தவள். அதை இவர் அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை.

நகோயாவில் இவருடைய தொழிற்சாலை கார் பார்க் ஆகியிருந்தது. வழக்கமாகச் சாப்பிட்ட கடையைக் காணவில்லை. "பரவாயில்லை, மொரிதா அம்மா இருப்பா" என்றார். நடக்க நடக்க அவருடைய முகம் சிறுத்துக்கொண்டே வந்தது.

"சொல்லிப்போட்டுப் போவமே?" என்று கேட்டேன்.

"சொந்த வீட்டுக்குப் போறதுக்கு ஆரும் போன் அடிப்பினமே?"

நியூசிலாந்து மனூக்காத் தேன் போத்தலோடு போய் மணியை அடித்தோம். கதவு சங்கிலி போட்டபடியே திறந்தது. இடுக்கில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவின் ஒற்றைக் கண். யேசுராசா நெற்றி முழங்காலில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, பெயரைச் சொன்னார். அந்தக் கண் அசையவில்லை. இலங்கை என்றார். மேல்மாடி மூலை அறை என்றார். நான் மனதுக்குள் மாதாவை மன்றாடிக்கொண்டிருந்தேன்: தாயே, இவவுக்கு இவரை ஞாபகம் வரக் கூடாது.

"ஆ!" என்றா அந்த அம்மா. சங்கிலி கழன்றது. கையைக் கொட்டிச் சிரித்து, மூச்சு விடாமல் பேசினா.

இவர் எங்கள் பக்கம் திரும்பினார். கண் பளபளத்தது. "நான் போனதுக்குப் பிறகு தனக்கு நித்திரையே வரேல்லையாம், பிரியந்தி!"

"நோ, அப்பா" என்றாள் ஷாமினி. அவளுடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இதுதான்: "நீங்கள் போன பிறகுதான் நிம்மதியா நித்திரை கொண்டவவாம். விடிய விடிய காகங்கள் கத்திறது நிண்டுட்டுதாம்."

இவர் மீன் தலை, நண்டுக் கோது, கோழி எலும்பெல்லாம் ஒரே பையில் கட்டி, காலையில் வைக்க வேண்டியதை முதல்நாளே தெருவில் வைத்துவிட்டுப் படுப்பாராம். விடியும் முன் ஊர்க் காகம் முழுவதும் அங்கே விருந்துக்கு வந்துவிடுமாம். தெருவைக் கூட்டி அலுத்து, அந்த அம்மா குப்பைக்கு மேலே போட ஒரு நீல வலை வாங்கினாவாம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. வலை இன்னும் அங்கே கிடந்தது. அந்தத் தெருவில் என் புருசனுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அது ஒன்றுதான்.

நான் சிரித்த சிரிப்பில் வயிறு நொந்துவிட்டது. வீடு தப்பியது!

திரும்பி வரும்போது பிளேனில் இவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. "ஒரு ஊரிலயாவது என்னைத் தேடுவினம் எண்டு நினைச்சன்" என்றார். எனக்கு அதுவரை இருந்த சந்தோசம் அந்த இடத்திலேயே செத்துப்போனது.

குப்பை நாள் வந்தது. பக்கத்து வீட்டார் மஞ்சள் மூடித் தொட்டியில் என்னவெல்லாமோ திணித்தார்கள். இவர் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே வந்துவிட்டார். எனக்குப் பயம் பிடித்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் இராசமலர் அக்கா விட்டாவா? தேத்தண்ணிக் கோப்பையோடு நேரே வந்தா. "என்ன யேசு, உங்கட மொரிதா அம்மாவைக் கண்டனீங்களோ?"

இவர் தரையைப் பார்த்தார். ஷாமினி வாயைத் திறந்தாள். அவளுடைய காலில் என் செருப்பால் ஒரு மிதி மிதித்தேன்.

"ஏன் கேக்கிறியள் அக்கா" என்றேன். "இவர் போனதுக்குப் பிறகு அந்த மனுசிக்கு நித்திரையே வரேல்லையாம். இவ்வளவு காலமும் இவரைத் தேடிக்கொண்டு இருந்தவவாம்."

யேசுராசா என்னை ஒரு பார்வை பார்த்தார். கலியாணத்தன்று கூட அப்படிப் பார்க்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓம் அக்கா. நித்திரை மட்டுமில்லை, கன நாளாச் சாப்பாடும் இறங்கேல்லையாம்."